மிக்ஸியில் கிராஃபீன் அரைத்த கதை

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் ரெஸ்யூமேவில் "கிராஃபீன் தயாரித்திருக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. போன நவம்பரில் பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில், பேனலில் இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, "நிஜமாவே கிராஃபீன் பண்ணீங்களா?" என்று கேட்டார். "ஆமா சார், மிக்ஸியில பண்ணோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது. அது சாஃப்ட்வேர் கம்பெனி. கிராஃபீனுக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்த "ஆமா சார்" இன்னும் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுக்கப்போகிற ஜூனியர்ஸ் கொஞ்சம் பொறுமையா படிங்க. கெமிஸ்ட்ரி பிடிக்காதவங்களும் படிக்கலாம், நடுவுல நிறைய சோப்பு நுரை வருது.

கிராஃபீன் பற்றி எல்லாருக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கும். பென்சிலில் இருக்கிற கிராஃபைட் என்பது கார்பன் அணுக்களால் ஆன தாள்களின் கட்டு. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கிராஃபைட்டில் கிட்டத்தட்ட 30 லட்சம் தாள்கள். அதில் ஒரே ஒரு தாளைத் தனியாக எடுத்தால் அதுதான் கிராஃபீன். 2004-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் குழுவினர் செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தே இதை எடுத்தார்கள். 2010-ல் இரண்டு பேருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

டேப் முறையில் கிடைப்பது மைக்ரோஸ்கோப்பில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சின்னச் சின்னத் துணுக்குகள். ஒரு டிரான்சிஸ்டர் செய்து பார்க்க அது போதும். ஒரு பக்கெட் பெயின்ட்டில் கலக்கப் போதாது. அதனால்தான் உலகம் முழுக்க "இதை ஒரு திரவத்துக்குள்ளேயே செய்ய முடியாதா?" என்று தேடுகிறார்கள். கார்பனில் மட்டும் இல்லை. பாஸ்பரஸ், ஆன்டிமனி, போரான், டெல்லூரியம் என்று ஒற்றைத் தனிமத்தால் ஆன மெல்லிய தாள்களுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கறுப்புப் பாஸ்பரஸ் தாள் காற்றுப் பட்டாலே கெட்டுப்போகும். போரான் தாளான போரோஃபீனை 2015-ல் முதன்முதலாகச் செய்தபோது, வெள்ளிப் பரப்பின் மேல், அதிவெற்றிடத்துக்குள் வளர்த்தார்கள். நம்ம லேபில் வேக்யூம் என்றால் ஃபில்ட்ரேஷன் பம்ப் மட்டும்தான். ஆகவே எங்களுக்கும் திரவ வழி ஒன்றுதான் வழி.

நாங்கள் மூன்று பேர். நான், என் ரூம்மேட், அப்புறம் லேப் நோட்டை எங்கள் இருவரையும் நம்பிக் கொடுக்காத ஒரு டே ஸ்காலர் தோழி. நாங்கள் முதலில் ஆசைப்பட்டது கிராஃபீன் இல்லை, டெல்லூரீன்.

டெல்லூரியத்தின் அமைப்பே வித்தியாசமானது. அணுக்கள் தாளாக இல்லாமல் திருகு திருகான சங்கிலிகளாக ஓடும். முறுக்கிய கயிறுகளை நெருக்கி அடுக்கின மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கிலிக்குள் பிணைப்பு பலமாக இருக்கும், பக்கத்துச் சங்கிலியோடு பிடிப்பு லேசாக இருக்கும். 2018-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு இதைக் கரைசலிலிருந்து நேரடியாக வளர்த்துக் காட்டியது. சோடியம் டெல்லூரைட்டைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். பி.வி.பி. என்ற பாலிமர், அம்மோனியாக் கரைசல், ஹைட்ரசீன் ஹைட்ரேட் சேர்க்கிறார்கள். டெஃப்லான் உள்ளுறை போட்ட ஸ்டீல் ஆட்டோக்ளேவில் மூடி, 180 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் அளவுக்கு வைக்கிறார்கள். ஹைட்ரசீன் டெல்லூரைட்டிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்து, டெல்லூரியத்தை வெறும் தனிமமாக விடுவிக்கிறது. பி.வி.பி. படிகத்தின் சில முகங்களில் ஒட்டிக்கொண்டு, "இந்தப் பக்கம் வளராதே, அந்தப் பக்கம் வளர்" என்று வழிகாட்டுகிறது. முதலில் கம்பி கம்பியாக வருகிறது, நேரம் ஆக ஆகத் தகடாக விரிகிறது. 50 முதல் 100 மைக்ரோமீட்டர் அகலம், சில பத்து நானோமீட்டர் தடிமன். அதை இன்னும் மெலிதாக்கி டிரான்சிஸ்டர் செய்தார்கள். காற்றில் இரண்டு மாதம் வைத்தும் அது கெடவில்லை. பிரஷர் குக்கரில் சாதம் வைக்கிற மாதிரி ஒரு வழி. படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை.

மறுநாள் கைடு மேடமிடம் ஓடினோம். மேடம் கெமிக்கல் லிஸ்டைப் பார்த்தார். ஹைட்ரசீன் என்ற வார்த்தையில் பேனா நின்றது.

"இது என்னன்னு தெரியுமா?"

"ரெட்யூசிங் ஏஜென்ட் மேடம்."

"விஷம். தோல் வழியாவும் உள்ள போகும். நம்ம ஃப்யூம் ஹூட்ல ஃபேன் ஓடுதா?"

ஓடவில்லை. மூன்று வருஷமாக அதற்குள் பழைய ரெக்கார்ட் நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம் என்பது அங்கே படிக்கிற எல்லாருக்கும் தெரியும். போதாததற்கு டெல்லூரியமும் லேசுப்பட்டது இல்லை. உடம்புக்குள் கொஞ்சம் போனாலும் மூச்சில் பூண்டு வாசனை அடிக்கும், பல நாளைக்குப் போகாது. டெல்லூரீன் அன்றைக்கே முடிந்தது.

அடுத்தது சீனியர்ஸ் வழி. ஒவ்வொரு வருஷமும் நம்ம டிபார்ட்மென்டில் ஒரு டீமாவது ஹம்மர்ஸ் முறையைச் செய்யும். 1958-ல் வந்த முறை: அடர் கந்தக அமிலத்தில் கிராஃபைட்டையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் போட்டு கிராஃபைட் ஆக்சைடு ஆக்குவது. தாள்களுக்கு நடுவே ஆக்சிஜன் நுழைந்து கட்டு தளரும், தண்ணீரில் அழகாகப் பிரியும். அப்புறம் ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். பிரச்சினையே அங்கேதான். முழுசாக வெளியேறாது, தாளில் ஓட்டைகளும் விழுந்திருக்கும். மேடம் இதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "டைட்டில்ல ஒற்றைத் தனிமம்னு போட்டிருக்கீங்க. உள்ள ஆக்சிஜன் இருந்தா அது ஒற்றைத் தனிமமா?"

கடைசியில் எங்கள் தோழிதான் ஒரு பேப்பரைக் கொண்டு வந்தாள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜோனதன் கோல்மன் குழு 2014-ல் வெளியிட்டது. கிராஃபைட் தூள், தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட். இதைச் சமையலறை பிளெண்டரில் போட்டு ஓட்டினால் கிராஃபீன் பிரிகிறது! பேப்பரின் முக்கிய வேலை பெரிய தொழிற்சாலை மிக்ஸர்களில்தான், ஆனால் வீட்டு பிளெண்டரிலும் செய்து காட்டியிருந்தார்கள். "டேய், நம்ம வீட்டு மிக்ஸிடா இது" என்று ரூம்மேட் குதித்தான்.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பிளேடு சுற்றும்போது அதை ஒட்டியிருக்கிற திரவம் வேகமாக ஓடும், கொஞ்சம் தள்ளி இருப்பது மெதுவாக ஓடும். இந்த வேக வித்தியாசத்துக்குள் மாட்டிய கிராஃபைட் துணுக்கின் மேல் தாள் ஒரு பக்கமும் கீழ்த் தாள் இன்னொரு பக்கமும் இழுபடும். சீட்டுக்கட்டை உள்ளங்கையால் தேய்த்தால் சீட்டுகள் சரிந்து விரியுமே, அது மாதிரி. இந்த வேக மாற்றத்தின் அளவு நொடிக்கு 10,000 என்ற எல்லையைத் தாண்டினால் தாள்கள் பிரியத் தொடங்கும் என்று அந்தக் குழு அளந்து சொல்லியிருந்தது. பிரிந்த தாள்கள் வெறும் தண்ணீரில் நிற்காது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். கிராஃபீன் தாள் நிம்மதியாக மிதக்க 40 பக்கத்தில் இருக்க வேண்டும். சோப்பு இரண்டு வேலை செய்கிறது: இழுவிசையைக் குறைக்கிறது, தாளின் மேல் ஒட்டி அதற்கு மின்னூட்டம் கொடுக்கிறது. ஒரே மின்னூட்டம் உள்ள தாள்கள் ஒன்றை ஒன்று தள்ளும், திரும்ப ஒட்டாது.

இதையெல்லாம் இங்கிலீஷில் பிரசன்ட் பண்ணச் சொன்னால் ஸ்லைடு போட்டு அசத்திவிடுவேன். சிவகங்கை பக்கம் இருக்கிற என் அப்பத்தாவிடம் தமிழில் சொல்லும்போதுதான் திணறினேன். பரணில் சும்மா கிடந்த, அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்ஸியைக் கேட்டுப் போயிருந்தேன். "எதுக்குப்பு?" என்று கேட்டார். நானோ, லேயர், எக்ஸ்ஃபோலியேஷன் என்று ஏதேதோ உளறி, கடைசியில், "அப்பளக் கட்டு ஒட்டிக்கிச்சுன்னா ஒவ்வொண்ணா பிரிப்பீங்கல்ல அப்பத்தா, அது மாதிரி" என்றேன். அப்பத்தா யோசித்துவிட்டு, "பிரிச்சாப் பத்தாதே, மாவு தூவணும்ல. இல்லாட்டி திரும்ப ஒட்டிக்கிரும்" என்றார். கோல்மன் குழு சோப்பு போட்ட காரணத்தை அப்பத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டார். எதை அரைக்கப் போகிறோம் என்றும் கேட்டார். கிராஃபைட் என்றேன். சிவகங்கையில் கிராஃபைட் தாது இருக்கிறது, டாமின் நிறுவனத்தின் சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் அங்கே உண்டு. "அந்தக் கறுப்பு மண்ணையா அரைக்கப் போற?" என்று சிரித்துக்கொண்டே மிக்ஸியைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபரில் ஆரம்பித்தோம். 500 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 20 கிராம் கிராஃபைட், 10 மி.லி. பாத்திரம் கழுவும் லிக்விட். முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ். சுவிட்சைத் திருகினேன். பத்தே நொடி. மூடியைத் தள்ளிக்கொண்டு கறுப்பு நுரை பொங்கியது, பொங்கல் பானை மாதிரி. டேபிள், தரை, ரூம்மேட்டின் வெள்ளைச் சட்டை, எல்லாம் கிராஃபைட். லேப் அண்ணா ஒன்றும் சொல்லாமல் மாப்பைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அடுத்த தடவை ஒரு நிமிஷம் ஓட்டி மூன்று நிமிஷம் நிறுத்தினோம், நுரை அடங்க. அப்படியும் சூடேறி இரண்டு முறை மிக்ஸி நின்றது. அடியில் ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், ஓவர்லோடு ஆனால் வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஆறவிட்டு அமுக்கினால் ஓடும். மொத்தம் 30 நிமிஷ ஓட்டத்துக்கு ஒரு முழு மத்தியானம் போனது.

அரைத்ததை ஒரு ராத்திரி நிற்க வைத்தோம். பெரும்பாலான கிராஃபைட் அடியில் படிந்துவிட்டது. மேலே நின்ற கறுப்புத் தண்ணீரைக் குழாய்களில் ஊற்றி சென்ட்ரிஃப்யூஜில் போட்டோம். நிமிஷத்துக்கு 1,500 சுற்று, 45 நிமிஷம். எதிரெதிர் குழாய்கள் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் டேபிளை விட்டே நடக்கும். தடித்த துணுக்குகள் அடிக்குப் போயின. மேலே நின்றது சாம்பல் கறுப்பு நிறத் தண்ணீர். ஒரு வாரம் ஆகியும் படியவில்லை. லேசர் பாயின்டரை அடித்தால் தண்ணீருக்குள் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. மிதக்கிற துகள்கள் இருப்பதற்கு அது அடையாளம். "மச்சி, கிராஃபீன்டா!" என்று கத்தினோம். பாட்டிலோடு மூன்று பேரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம்.

வடிகட்டி, காயவைத்து எடை போட்டோம். 96 மில்லிகிராம்! அன்றைக்கு ரூம்மேட் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து தோழி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள்: "இதுல சோப்பு எவ்வளவு?" திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஐந்தாவது கழுவலுக்குப் பிறகு மறுபடி காயவைத்து எடை போட்டால் 14 மில்லிகிராம். மீதி 82 மில்லிகிராமும் சோப்பு. நாங்கள் பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடியது பெரும்பாலும் சோப்பைத்தான். 20 கிராமுக்கு 14 மில்லிகிராம். நூற்றுக்கு 0.07.

இந்த இடத்தில்தான் அந்த இன்டர்வியூ வந்தது. அந்தப் 14 மில்லிகிராமுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை நாங்கள் சோதிக்கவே இல்லை. தண்ணீர் கறுப்பாக இருக்கிறது, படியவில்லை, லேசர் தெரிகிறது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். நன்றாக அரைத்த வெறும் கிராஃபைட் தூளும் இதே மூன்றையும் செய்யும். ஆனாலும் "ஆமா சார்" என்றேன்.

ஜனவரியில் வேறொரு நிறுவனத்துக்கு ராமன் ஸ்பெக்ட்ரம் எடுக்க சாம்பிள் அனுப்பினோம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்தாரே, அதே ராமன் விளைவு. பொருளின் மேல் லேசரை அடித்தால், அணுக்களின் அதிர்வுக்கு ஏற்ப கொஞ்சம் ஒளி நிறம் மாறித் திரும்பும். கார்பன் தாளுக்கு மூன்று கோபுரங்கள் முக்கியம். 1,350-க்குப் பக்கத்தில் டி, 1,580-க்குப் பக்கத்தில் ஜி, 2,700-க்குப் பக்கத்தில் 2டி. ஒற்றைத் தாள் என்றால் 2டி ஒல்லியாக, ஒரே கூராக, ஜி-யை விட உயரமாக நிற்கும். தடித்த கிராஃபைட் என்றால் 2டி குள்ளமாக, பக்கத்தில் ஒரு தோள்பட்டையோடு இருக்கும்.

பி.டி.எஃப். மெயிலில் வந்தது. மூன்று பேரும் ஒரே லேப்டாப்பில் குனிந்து பார்த்தோம். 2டி குள்ளம். தோள்பட்டை தெளிவாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பிய அரைக்காத கிராஃபைட்டின் படத்தை அதன் மேல் வைத்தோம். டி கோபுரம் மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. துணுக்குகள் சிறிதானால் ஓரங்கள் அதிகமாகும், ஓரங்கள் அதிகமானால் டி வளரும். அதாவது நாங்கள் தாளைப் பிரித்ததைவிடக் கட்டை உடைத்ததுதான் அதிகம்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ரூம்மேட் சொன்னான், "ஃப்யூ லேயர் கிராஃபீன்னு போட்டுக்கலாம்டா. யாரு எண்ணப் போறா?"

அவனைத் தப்பாக நினைக்காதீங்க. அவன் எம்.எஸ். படிக்க நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அப்ளை செய்திருந்தான். நான்கிலும் "கிராஃபீன் தயாரித்தோம்" என்று எழுதியிருந்தான். அவன் அப்பா ஃபீஸுக்கு லோன் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன, வேலை கையில் இருந்தது. நேர்மையாக இருப்பது எனக்கு மலிவு, அவனுக்கு விலை அதிகம். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. நான் பெரிய யோக்கியன் மாதிரி பேசினேன். "நீ இன்டர்வியூல சொன்னப்ப மட்டும் எண்ணிட்டா சொன்ன?" என்று கேட்டான். பதில் இல்லை. ஒரே ரூமில் ஒன்பது நாள் பேசாமல் இருந்தோம்.

எண்ணிக்கைக்கு உண்மையிலேயே ஒரு வரையறை இருக்கிறது. 2017-ல் வந்த ஐ.எஸ்.ஓ. சொல் வரையறையின்படி ஒரு தாள் இருந்தால் கிராஃபீன், இரண்டு இருந்தால் இரட்டை அடுக்கு, மூன்று முதல் பத்து வரை சில அடுக்கு கிராஃபீன். பத்துக்கு மேல் போனால் அது பழையபடி கிராஃபைட்தான். இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தோழி இன்னொரு பேப்பரை எடுத்தாள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டது. உலகம் முழுக்க 60 கம்பெனிகள் கிராஃபீன் என்று விற்ற தூள்களை வாங்கிச் சோதித்திருந்தார்கள். பெரும்பாலானவற்றில் பத்து அடுக்குக்குள் இருந்த பொருள் நூற்றுக்குப் பத்துகூட இல்லை. ஒன்றில்கூட பாதியைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் நைஸாக அரைத்த கிராஃபைட்.

"பாரு, உலகமே இப்படித்தான் போடுது" என்று ரூம்மேட் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒன்பது நாள் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை வேறு: "அந்தத் தூளை வாங்கி பேட்டரி பண்றவன், பெயின்ட் பண்றவன் எல்லாம் ரிசல்ட் வரலைன்னு உக்காந்து தேடிக்கிட்டு இருப்பான்ல? தப்பு அவன்கிட்ட இல்லைன்னே தெரியாம." அதை அவன் யோசித்திருக்கிறான். நான் யோசித்திருக்கவில்லை.

இன்னொரு தடவை செய்து பார்த்தோம். இந்த முறை சென்ட்ரிஃப்யூஜை இரண்டு கட்டமாக ஓட்டினோம். முதலில் 1,500, மேலே நின்றதை மட்டும் எடுத்து மறுபடி 3,500. கிடைத்தது வெறும் 4 மில்லிகிராம். தண்ணீர் கறுப்பாகக்கூட இல்லை, வடித்த டீ மாதிரி இருந்தது. ஸ்டேட்டஸ் வைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ராமன் திரும்பி வந்தபோது தோள்பட்டை மங்கியிருந்தது, 2டி கொஞ்சம் ஒழுங்கான வடிவத்துக்கு வந்திருந்தது. ஒற்றைத் தாள் இல்லை. சில அடுக்குத் துணுக்குகள் இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம். எத்தனை சதவீதம் என்று எங்களால் சொல்ல முடியாது, அதற்கு அணுவிசை மைக்ரோஸ்கோப்பில் துணுக்கு துணுக்காக அளக்க வேண்டும்.

மேடமிடம் போய் டைட்டிலை மாற்ற வேண்டும் என்றோம். பதிவான டைட்டிலை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்கே தெரியும்: லெட்டர், ஹெச்.ஓ.டி. கையெழுத்து, மறுபடி லெட்டர். மேடம் கோபப்படுவார் என்று நினைத்தோம். ராமன் படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "முதல் படத்தையும் ரிப்போர்ட்ல போடுங்க, அனெக்சர்ல இல்ல, உள்ள" என்றார். அவ்வளவுதான். புது டைட்டிலில் கிராஃபீன் என்ற வார்த்தை இல்லை. வெட்டு விசையால் கிராஃபைட்டை நீரில் அடுக்கு பிரித்தல், விளைச்சலும் வரம்புகளும் என்கிற அர்த்தத்தில் ஒரு நீளமான இங்கிலீஷ் டைட்டில். 96 மில்லிகிராம் சோப்புக் கதையும் ஒரு பத்தி உள்ளே இருக்கிறது.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி, "எல்லாரும் கிராஃபீன்னுதானே கொண்டு வருவாங்க, நீங்க ஏன் போடல?" என் ரூம்மேட்தான் பதில் சொன்னான். தோள்பட்டையை போர்டில் வரைந்தே காட்டினான். மார்க் இன்னும் வரவில்லை. ரொம்ப அதிகமாக எதிர்பார்க்கவும் இல்லை, 4 மில்லிகிராம் ப்ராஜெக்ட்தானே. வைவா முடிந்த அன்றைக்கு ராத்திரி அவன் நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் மெயில் அடித்தான், அப்ளிகேஷனில் எழுதியதற்கும் இப்போது தெரிந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி. இரண்டிலிருந்து "நன்றி, குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது. மற்ற இரண்டிலிருந்து ஒன்றும் இல்லை. என்ன ஆகும் என்று தெரியாது. நான் என் ரெஸ்யூமே வரியை மாற்றிவிட்டேன். அந்தப் பேனல் சாருக்கு மெயில் முகவரி தெரியாததால், இந்தக் கட்டுரையையே அவருக்கான பதிலாக வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பத்தா மிக்ஸியைக் கேட்டார். தர முடியாது, ஜாரில் கிராஃபைட் ஏறிவிட்டது, இனிமேல் அதில் சட்னி அரைக்கக் கூடாது என்றேன். சரி என்றவர், "அப்பளம் பிரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான் பிரிஞ்சுச்சு அப்பத்தா. மீதி கட்டாவே கிடக்கு."

"மாவு பத்தலையோ?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். இரண்டு முறையும் 10 மி.லி. லிக்விட்தான் போட்டோம். குறைத்தோ கூட்டியோ பார்க்கவே இல்லை. நுரைக்குப் பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. சோப்பின் அளவை மாற்றினால் விளைச்சல் எப்படி மாறும் என்பதற்கு எங்களிடம் ஒரு டேட்டாகூட இல்லை. ஜூனியர்ஸ், மிக்ஸி நம்ம லேபில் ஜன்னல் பக்கத்து ஷெல்ஃபில் இருக்கிறது. ஜாரில் "சமையலுக்கு அல்ல" என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டு மிக்ஸியில் செய்யாதீங்க, மாஸ்க் போடுங்க, நின்றுபோனால் அடியில் சிவப்பு பட்டன் இருக்கிறது. எடை போடுவதற்கு முன்னால் ஐந்து தடவையாவது கழுவுங்க.